தென்பெண்ணையின் இரு முனை, நான்கு பாட்டில் சேறு

கடலூர்ப் பக்கம் தாழங்குடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி, திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே எழுந்து நின்றாள். “சார், நம்ம ஏரியிலயும் சேறுதான், அங்கயும் சேறுதான். அங்க மட்டும் ஏன் அழுகின முட்டை மாதிரி நாறுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே பதில் சொல்லிவிட்டது: “உப்பு!”

இந்த எழுத்து அந்த ஒற்றைச் சொல் பதிலைப் பற்றியது. அது பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆடியிலிருந்து தைவரை ஆனது. காவேரிப்பட்டணத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில், தெற்கு ஜன்னல் ஓரம் நடந்தது இது. எங்கள் ஊரிலிருந்து கடல் வெகு தூரம். ஆனால் எங்களை ஒட்டி ஓடும் தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, அதே தாழங்குடா பக்கத்தில்தான் கடலில் சேர்கிறது. அந்த மாணவி கேட்டது எங்கள் ஆற்றின் மறு முனையைப் பற்றிய கேள்வி.

சேறு எடுக்க ஒரு சனிக்கிழமை நானே போனேன். “வத்துற நேரம் பாத்து வாங்க சார்” என்று அவளுடைய மாமா போனில் சொல்லியிருந்தார். அந்தக் கரையில் ஏற்ற வற்றத்தின் உயர வித்தியாசம் பெரிதல்ல, ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் தண்ணீர் இறங்கியதும் உப்பங்கழியின் ஓரம் அகலமாகத் திறந்துகொள்கிறது. உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடி படர்ந்த மேட்டிலிருந்து இரண்டடி கீழே இறங்கினால் கணுக்கால் புதைகிறது. மண்வெட்டியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தோம். மேலே விரல்கடை அளவு பழுப்பு, அதற்குக் கீழே மை மாதிரி கருப்பு. ஒரு நண்டு வளை அந்தத் துண்டின் குறுக்கே போயிருந்தது. சுற்றிலும் கருப்பாக இருக்க, வளையின் உள்சுவர் மட்டும் துருப்பிடித்த ஆணி நிறத்தில் மெல்லிய வளையமாக இருந்தது. உமரியின் வேரைச் சுற்றியும் அதே துரு நிறம். காற்று எங்கெல்லாம் உள்ளே போகிறதோ அங்கெல்லாம் கருப்பு பழுப்பாகிறது. இதை அப்போது குறித்து மட்டும் வைத்தேன். பிற்பாடு இதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் ஆனது.

ஊர்ப் பக்கத்துச் சேற்றுக்கு ஆற்றங்கரையை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஆற்றில் மேலேயுள்ள ஊர்களின் கழிவும் சோப்பு நுரையும் கலந்து வருகின்றன. சலவைத் தூளில் பருமனுக்காகச் சேர்க்கும் பொருள்களில் சோடியம் சல்பேட் முக்கியமானது. அது கலந்த சேற்றை வைத்து ‘நன்னீர்ச் சேறு’ என்று பேச முடியாது. அதனால் மழைநீரை மட்டும் நம்பியிருக்கும் ஒரு ஏரியின் சேற்றை எடுத்தோம். அது எங்கள் பக்கத்துச் செம்மண் கரைந்து வந்து படிந்த வண்டல்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் நான்கு. முதலாவதில் ஏரிச் சேறும் ஏரித் தண்ணீரும். இரண்டாவதில் கழிச் சேறும் கழித் தண்ணீரும். மூன்றாவதில் ஏரிச் சேற்றோடு ஒரு கரண்டி ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். நிலக்கடலைக்குப் பூக்கும் பருவத்தில் போடுவதற்காக வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு மாணவன் கொண்டுவந்தது. நான்காவதில் ஏரிச் சேற்றோடு லிட்டருக்கு 30 கிராம் வீதம் சமையல் கல் உப்பு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பலூன். உள்ளே, தண்ணீருக்கு மேல் நூலில் தொங்கும் ஒரு வெள்ளி மணி. பழைய கொலுசிலிருந்து கழன்று விழுந்த நான்கு மணிகளை ஒரு மாணவியின் அம்மா கொடுத்தனுப்பினார். அழுகின முட்டை நாற்றம் தருவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு; அது பட்டால் வெள்ளி கறுக்கும் என்பதால் மூக்கை நம்பாமல் மணியை நம்பலாம் என்பது ஏற்பாடு.

இப்படிச் சேற்றை வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்க்கும் முறைக்கு வினோகிராட்ஸ்கி தூண் என்று பெயர். செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880களில், ஹைட்ரஜன் சல்பைடையே உணவாக எரித்துப் பிழைக்கும் பாக்டீரியாவைக் கண்டு சொன்னவர்.

முதல் சுற்று வீணாகிவிட்டது. நுண்ணுயிர்களுக்குத் தீனியாக பெங்களூரா மாங்காய்த் தோலைப் போட்டோம். மாங்கூழ் ஆலைகள் ஓடும் காலம், கூடை கூடையாகக் கிடைத்தது. நான்கே நாளில் நான்கு பலூனும் உப்பின. பிறகு எல்லாம் நின்றுபோனது. திறந்தால் கள் வாடை, நீல லிட்மஸ் சிவப்பாக மாறியது. சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் வீட்டுப் பையன் பார்த்ததுமே சொன்னான்: “புளிச்சுப் போச்சு சார். தீனி ஜாஸ்தி.” அவன் சொன்னது முழுக்க உண்மை. சர்க்கரை வேகமாக நொதித்து அமிலமாகி, மெதுவாக வேலை செய்யும் உயிர்களை முடக்கிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஆவணியில் கேழ்வரகுத் தாளை நறுக்கிப் போட்டு மறுபடி தொடங்கினோம். கழிச் சேற்றில் மட்டும் உமரி வேர்களை அப்படியே விட்டோம்.

பார்த்தது என்ன

கழிச் சேறு முதல் வாரத்திலேயே முழுக்க கருப்பு. அதன் மணி பத்து நாளில் கரிபடிந்ததுபோல் ஆனது. ஏரிச் சேறு பழுப்பிலிருந்து சாம்பலாகி அப்படியே நின்றது. அதன் பலூன் மட்டும் மூன்றாம் வாரத்திலிருந்து மெல்ல எழுந்தது. ஜிப்சம் போட்டது மூன்றாம் வாரம் தாள் துண்டுகளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கறுத்து, ஐந்தாம் வாரம் அடியெல்லாம் கருப்பு. அதன் பலூன் துவண்டே கிடந்தது.

நான்காவது, உப்பு போட்ட பாட்டில்தான் எங்களைக் குழப்பியது. ஐந்தாம் வாரம் அதிலும் கருப்புத் திட்டுகள். வகுப்பில் கைதட்டல். “உப்புதான் சார், அன்னைக்கே சொன்னோம்ல!” சரி, ஜிப்சமும் ஒரு வகை உப்புதானே, பிள்ளைகள் சொன்னதுதான் சரியோ என்று நானும் ஒரு வாரம் நம்பினேன். நோட்டில்கூட அப்படியே எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

வேதியியல் ஆசிரியைதான் பிடித்தார். “அந்தக் கல் உப்பை எங்க லேபுக்குக் கொண்டாங்க சார், பேரியம் குளோரைடு போட்டுப் பாக்கலாம்.” பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் சோதனைதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரையாத வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்பேட் இருக்கிறது. கழித் தண்ணீரில் பால் மாதிரி வந்தது. ஏரித் தண்ணீரில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கல் உப்புக் கரைசலில் தெளிவாகவே கலங்கியது.

நினைத்துப் பார்த்தால் இது நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டியது. கல் உப்பு கடல் நீரைக் காயவைத்து எடுப்பது. உப்பளப் பாத்தியில் சோடியம் குளோரைடு படிவதற்கு முன்னாலேயே ஜிப்சம் படியத் தொடங்கிவிடும். பாத்தி மாற்றி மாற்றி அதைப் பிரித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாங்கள் உப்பு என்று போட்டதில் சல்பேட்டும் இருந்திருக்கிறது. ஆய்வகத்தின் தூய சோடியம் குளோரைடு கொண்டு ஐப்பசியில் நான்காவது பாட்டிலை மறுபடி வைத்தோம். தைவரை அதில் கருப்பு இல்லை. மணி வெள்ளையாகவே இருந்தது. குமிழி வந்தது, ஆனால் முதல் பாட்டிலைவிட மிகக் குறைவு. நன்னீரில் பழகிய உயிர்களுக்கு அவ்வளவு உப்பு கடினம், எல்லா வேலையும் மந்தமாகிவிட்டது.

ஆக, உப்புக்கரிப்பு சேற்றை மந்தமாக்கியது. கறுக்க வைத்தது சல்பேட்.

சேற்றுக்குள் பந்தி

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சுமார் 2.7 கிராம் சல்பேட். நாக்குக்குத் தெரியாத இந்தச் சிறு பங்குதான் உப்பங்கழியின் உயிர்வாழ்வையே தீர்மானிக்கிறது.

சேற்றில் புதைந்த இலை, வேர், தாள் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தின்றாக வேண்டும். தின்றதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். சேற்றுக்குள் அது சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. அதற்குக் கீழே பந்தி முறை தொடங்குகிறது. முதலில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிப்பவை, அப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அப்புறம் சல்பேட். சல்பேட்டைச் சுவாசிப்பவை வெளியே விடுவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. எல்லாம் தீர்ந்த கடைசிப் பந்தியில் கார்பன் டைஆக்சைடை வைத்து மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் என்ற நுண்ணுயிர்கள். ஒவ்வொரு பந்திக்கும் கிடைக்கும் ஆற்றல் முந்தியதைவிடக் குறைவு. அதனால்தான் அந்த வரிசை.

சல்பேட் பந்தியும் மீத்தேன் பந்தியும் ஒரே இலையில்தான் உண்கின்றன: ஹைட்ரஜனும் அசிட்டேட்டும். சல்பேட் இருக்கும்வரை அதைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனை மிக அடிமட்ட அளவுக்கு உறிஞ்சிவிடும். அவ்வளவு குறைந்த ஹைட்ரஜனில் மீத்தேன் ஆக்கிகளால் பிழைக்க முடியாது. மூன்றாவது பாட்டிலின் பலூன் ஏன் துவண்டு கிடந்தது என்பதற்கு இதுதான் காரணம். ஜிப்சம் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான் கரையும். அதிலிருந்து கிடைக்கும் சல்பேட் கடலில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஆனால் பாக்டீரியா தின்னத் தின்ன அடியில் கிடக்கும் ஜிப்சம் கரைந்துகொண்டே இருக்கும். பந்தியில் பரிமாற ஆள் நின்றுகொண்டே இருப்பது போல.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: “கடலையே பாக்காத ஏரிச் சேத்துல அந்த பாக்டீரியா எப்படி சார் வந்துச்சு?” அவை முன்பே இருந்தன. சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவை 1895ல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் முதன்முதலில் பிரித்தெடுத்ததே நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், நன்னீர்ச் சேற்றிலிருந்து. சல்பேட் இல்லாத காலத்தில் அவற்றில் சில எப்படிக் காலம் தள்ளுகின்றன என்பதை 1977ல் மார்வின் பிரையன்ட்டும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். லாக்டேட் போன்றவற்றை நொதித்து ஹைட்ரஜனை வெளியே விடுகின்றன. மீத்தேன் ஆக்கிகள் அதை உடனுக்குடன் உண்டு இடத்தைச் சுத்தமாக வைக்கின்றன. அந்தக் கூட்டு இல்லையென்றால் இரண்டுமே பிழைக்காது. பிறகு ஒரு கரண்டி ஜிப்சம் விழுகிறது. நேற்றுவரை கூட்டாளியாக இருந்தது இன்று இலையைப் பிடுங்கிக்கொள்கிறது. எங்கள் ஏரிச் சேற்றில் நடந்ததும் இதே போன்றதாகத்தான் இருக்க வேண்டும்.

நாறாத கருப்பு

இந்த ஆய்வில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. மூன்றாவது பாட்டில் கழிச் சேறு அளவுக்கே கறுத்திருந்தது. ஆனால் அதன் மணி கார்த்திகைவரை வெள்ளையாகவே தொங்கியது. பலூனைக் கழற்றி, கையால் காற்றை லேசாக மூக்குப் பக்கம் விசிறிப் பார்த்த பையன், “நாறவே இல்ல சார்” என்றான். சல்பேட் போயிருக்கிறது, சேறு கறுத்திருக்கிறது, வாயு எங்கே?

விடை எங்கள் மண்ணிலேயே இருந்தது. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதில் வந்த வண்டலிலும் அது ஏராளம். பாக்டீரியா விடும் சல்பைடை அந்த இரும்பு அங்கேயே பிடித்து இரும்பு சல்பைடாக்கிவிடுகிறது. கருப்பு என்பதே அந்தச் சேர்மத்தின் நிறம்தான். இரும்பு கையிருப்பு இருக்கும்வரை வாயு வெளியே தப்பாது. மார்கழி நடுவில் மூன்றாவது பாட்டிலின் மணியும் மெல்லப் பழுப்பேறத் தொடங்கியது. எளிதில் வினைபுரியும் இரும்பு தீர ஆரம்பித்துவிட்டது என்றே நான் படிக்கிறேன். கழிச் சேற்றிலோ ஒவ்வொரு ஏற்றமும் புதிதாகச் சல்பேட்டைக் கொண்டுவந்து கொட்டியபடி இருக்கிறது, இரும்பு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆக அந்தப் பெண் கேட்ட நாற்றத்துக்குப் பதில் இரண்டு வரி: சல்பேட் வருகிறது, இரும்பு போதவில்லை. உப்பு என்ற சொல்லால் இதில் ஒன்றைக்கூட விளக்க முடியாது.

நண்டு வளைக்கு இப்போது திரும்பலாம். நண்டு தோண்டும்போது காற்றும் புதுத் தண்ணீரும் உள்ளே இறங்குகின்றன. இரும்பு சல்பைடு மறுபடி துருவாகிறது. அந்தத் துரு அடுத்த சுற்றுச் சல்பைடைப் பிடிக்கத் தயாராகிவிடுகிறது. உமரி தன் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் கசியவிட்டு அதையே செய்கிறது. சல்பைடு வேருக்கு நஞ்சு, அதனால் வேரைச் சுற்றிய துரு உறை அதற்குக் கவசம். கழியில் நண்டு குறைந்தால் மீன் மட்டும் குறையும் என்று நினைத்திருந்தேன். சேற்றின் சுவாசமும் மாறும் என்பது எனக்கே புதுப்பாடம்.

இந்த வாயுவைப் பற்றி வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை பேசினேன், இங்கேயும் சொல்லியாக வேண்டும். மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி இறந்துபோகும் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களில் முதன்மையானது இதே ஹைட்ரஜன் சல்பைடு. அங்கேயும் அதை உண்டாக்குவது இதே வகைப் பாக்டீரியாக்கள். செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் கணம்தான் உயிர்போகும் கணம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இன்னும் செய்தித்தாளில் அந்தச் செய்தி வருகிறது. பாட்டிலில் கையளவு சேறு என்பதால்தான் ஜன்னலைத் திறந்துவைத்து நாங்கள் செய்ய முடிந்தது. யாரும் இதைப் பெரிய தொட்டியிலோ மூடிய அறையிலோ செய்து பார்க்க வேண்டாம்.

மற்ற இரண்டு விஷயங்கள்

முதல் பாட்டிலின் பலூனில் இருந்ததை ஊசிக்குழாயில் இழுத்து, மைதானத்தில் சோப்புத் தண்ணீருக்குள் விட்டு, எழுந்த குமிழியில் நீளக் குச்சியால் நெருப்புக் காட்டினோம். இளநீல நிறத்தில் ஒரு கணம் எரிந்து அணைந்தது. சாண எரிவாயு வீட்டுப் பையனுக்கு அது அதிசயமே இல்லை.

கழிச் சேற்றிலும் எப்போதாவது ஓரிரு குமிழி வந்தது. சல்பேட் இருந்தும் மீத்தேனா? குமிழியைச் சோதிக்கும் அளவுக்குச் சேரவில்லை, எனவே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு. உமரி உப்பைத் தாங்குவதற்காகத் தன் உடலில் கிளைசின் பீட்டெயின் என்ற பொருளைச் சேர்த்துவைக்கும். வேர் அழுகும்போது அதிலிருந்து மெத்தில் அமீன்கள் வருகின்றன. சல்பேட் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை. சில மீத்தேன் ஆக்கிகளுக்கு அதுதான் தனி இலை.

அப்புறம், கார்த்திகையில் கழிச் சேற்றுப் பாட்டிலின் ஜன்னல் பக்கத்தில் மட்டும் ஒரு நிறம் ஏறியது. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வெளியிடாமல் ஒளிச்சேர்க்கை செய்பவை. தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து, கந்தகத் துகள்களை உடலுக்குள்ளேயே சேர்த்துவைக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் அவற்றுக்குப் போதும். பாடநூலில் ஒரு வரியாக இருந்ததை, பாட்டிலில் மூன்று விரல் உயரத்துக்குப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆய்வகத்துக்கு வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பாட்டிலுக்கு வெளியே

நான்கு பாட்டிலை வைத்து ஒரு கழிமுகத்தைப் பேசிவிட முடியாது. எங்கள் பாட்டிலில் ஏற்ற வற்றம் இல்லை, நண்டு இல்லை, புதுத் தண்ணீர் இல்லை. ஆனால் திசை சரியாகவே இருந்தது என்பதற்கு வெளியிலிருந்து துணை உண்டு. 1979ல் ராபர்ட் ஹோவர்த்தும் ஜான் டீலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் ஓர் உவர் சதுப்பை அளந்து, அங்கே சேற்றில் புதைந்தவை சிதைவதில் சல்பேட் சுவாசமே பெரும்பங்கு என்று காட்டினார்கள். 1982ல் போ பார்க்கர் யோர்கன்சன் கரையோரக் கடலடியில் ஏறத்தாழ பாதிச் சிதைவு அந்த வழியில் நடப்பதாகக் கணக்கிட்டார். 2012ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். கடலடிச் சேற்றில் சென்டிமீட்டர் நீள இழைகளாக ஒட்டி நிற்கும் பாக்டீரியாக்கள், கீழே சல்பைடிலிருந்து எடுத்த எலக்ட்ரானை மேலே ஆக்சிஜனுக்கு மின்கம்பிபோலக் கடத்துகின்றன. உவர் சதுப்புச் சேற்றிலும் அவை இருப்பது பிறகு தெரிந்தது.

எனக்குக் கவலை தரும் இடம் ஒன்று உண்டு. உப்புத்தன்மை லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் இருக்கும் சதுப்புகள் மிகக் குறைந்த மீத்தேனையே வெளிவிடுகின்றன என்பது 2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. எங்கள் மூன்றாவது பாட்டிலின் துவண்ட பலூன் சொன்னதும் அதைத்தான். அப்படியிருக்க, கடலேற்றம் வரும் வாய்க்காலுக்குக் குறுக்கே கரையோ சாலையோ போட்டு, உவர் சதுப்பை மழைநீர்க் குட்டையாக்கினால், சல்பேட் வரத்து நின்று அந்தச் சேறு எங்கள் முதல் பாட்டில் மாதிரி ஆகிவிடும். ‘வீண் நிலம்’ என்று கணக்கெழுதி உப்பங்கழியை மறிக்கும் திட்டம் எதுவானாலும், முதலில் அந்தச் சேற்றில் என்ன சுவாசிக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

தை கடைசியில் பாட்டில்களைப் பிரித்தோம். கழிச் சேற்றை ஏரியில் கொட்டக் கூடாது என்பதால் மூடியோடு எடுத்துவைத்து, அடுத்த முறை தாழங்குடா போனபோது அங்கேயே விட்டேன். மூன்றாவது பாட்டிலின் கருஞ்சேற்றை மட்டும் ஓர் எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஆய்வக வாசலில் வெயிலில் வைத்தோம். மதிய உணவு மணி அடிப்பதற்குள் விளிம்புகள் பழுப்பாகிவிட்டன. கட்டிகளை உடைத்து மறுபடி பரப்பினாள், கேள்வியைத் தொடங்கிவைத்த அந்தப் பெண். மறுநாள் காலை தட்டு முழுக்க, பள்ளி மைதானத்து மண்ணின் நிறம்.